பன்னிரண்டாம் பள்ளம்

சுங்கை ரோட்டுச் சந்தை மூடுவதற்கு முந்தைய வாரம்
பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினேன்:
சிவப்பு அட்டைப்பெட்டி, பதினோரு சிப்பாய்கள்,
பன்னிரண்டு பள்ளங்கள்.
காலிப் பள்ளம் ஒரு முழங்காலை மடக்கியிருந்தது.
காணாமல் போனவன் எப்படி இருந்தான் என்று
அவனைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது எனக்கு.

பார்க்க ஏழு வருடமானது.
பிடோக்கில், பேருந்து ஓட்டி ஓய்ந்த ராஸிஃப்
கண்ணாடி அலமாரியைத் திறந்து
கைக்குட்டையில் சுற்றித் தந்தார்.
மூன்று நாள். விற்கக் கூடாது.
காலடியில் அடையாளம் போட வேண்டும்.
"சொந்த உபயோகத்துக்குத்தான்" என்றேன்,
மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்பவளைப் போல.

நகலெடுப்பதுதான் என் சோறு.
தோ பாயோவில் பல் செய்யும் கூடம்;
காலை எட்டரை முதல்
பிறர் வாய்களை வார்த்துக்கொண்டிருக்கிறேன்.
யாரும் அதைத் திருட்டு என்பதில்லை,
பல் உரியவர் வாய்க்கே திரும்பிவிடுவதால்.
இவனுக்கு உரியவர் யார்?
செய்த கம்பெனி படுத்துப் பல காலமாம்.
வாயே இல்லாத பல்.

இரவு, யீஷூன், ஒன்பதாம் மாடி.
களிமண் மெத்தையில் பாதி புதைத்து
சிலிக்கோன் ஊற்றினேன். மறுநாள்
திருப்பிப் போட்டு, வாஸ்லின் தடவி, மறு பாதி.
பிரித்த அச்சுக்குள் குழந்தைப் பவுடர்.
ஜன்னலைத் திறந்துவைத்து
குட்டிச் சட்டியில் வெள்ளீயம்.
ஈயத்தைப் பார்த்து இளிக்க இங்கே பித்தளை இல்லை.
மேல் வீட்டுத் துணிக்கம்பில்
ஒரு பள்ளிச் சீருடை சொட்டிக்கொண்டிருந்தது.

அச்சில் வார்த்த மாதிரி என்பார்கள்
என்னையும் தங்கையையும் பார்த்து.
அச்சில் வார்த்துப் பார்க்காதவர்கள்.

முதல்வனுக்கு மோவாய் இல்லை.
இரண்டாமவனுக்குத் துப்பாக்கி முனையை எட்டுமுன்
உலோகம் உறைந்து, கையில் ஒரு குச்சி.
மூன்றாமவன் அச்சு வழுக்கியதில் பிளந்தான்:
இடப் பாதி முகம் வலப் பாதிக்கு அரை மில்லி முன்னே,
செய்தியை முதலில் கேட்டுவிட்டதுபோல்.
தோற்றவர்களை மறுபடி உருக்கலாம்,
எந்தப் பட்டாளத்திலும் இல்லாத சலுகை.
குச்சிக்காரனை மட்டும் ஏனோ உருக்கவில்லை.

நான்காமவன் முழுசாய் வந்தான்.
தொப்பி விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள்.
காற்றுக் குமிழி என்று அரத்தை எடுத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
மூலவரை விளக்கடியில் திருப்பினேன்.
அதே இடம். அதே குழிகள்.

இது என் தொழில், எனக்குத் தெரியும்.
மேலே இரண்டு முன்பற்கள், பால்பற்கள்,
நடுவில் சந்து. கீழே ஒன்று சற்றுச் சாய்ந்தது.
ஐந்து வயதிருக்கும்.
விளையாட்டுக் கடி இல்லை;
அழக் கூடாது என்று கடித்த கடி.
எந்த ஊர், எந்தக் கட்டில், என்ன நடந்தது அன்று?
அதுவும் ஈயத்தை.
சிலிக்கோனுக்குக் கூச்சம் கிடையாது.
சிப்பாயை எடுத்து வா என்றால்
பிள்ளையையும் கூட்டி வருகிறது.

அரத்தை வைத்துவிட்டேன்.
காலடியில் மட்டும் 'ந' என்று கீறினேன்.

ராஸிஃப் இருவரையும் கவிழ்த்துப் பார்த்தார்,
அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
கடியைக் காட்டினேன்.
வரும்போதே அப்படித்தான் என்றார்.
பிறகு என் பைக்குள் எட்டிப் பார்த்து
குச்சிக்காரனை எடுத்துக்கொண்டார்.
பேரனுக்கு. நாலு வயது. எதையும் கடிப்பானாம்.
"ஈயமா?"
"வெள்ளீயம்."
"அப்படியானால் கடிக்கட்டும்."

வீட்டில் பெட்டியைத் திறந்து படுக்கவைத்தேன்.
ஆறும்போது ஒரு நூல் சுருங்கியிருக்கிறான்,
பள்ளம் பெரிதாகிவிட்டது.
கூடத்தில் பல்லுக்குப் பதினாறு நிறம் இருக்கிறது,
முகத்துக்கு ஒன்றும் ஆகாது.
பதினோரு பேர் ரோஜாக் கன்னங்களோடு
நேரே பார்க்கிறார்கள். இவன் வெறும் உலோகமாய்,
கடிபட்ட தொப்பியோடு.

பஞ்சு வைக்க வேண்டும். நாளைக்கு.
மூடியைப் போட்டு அலமாரிக்குத் தூக்கினால்
உள்ளே இவன் ஒருவன்தான் சத்தம் போடுகிறான்.